சமயத் தொகுதியும் வெள்ளைத் துணியும்

சேசு மரி சூசை துணை

மயிலாப்பூர்
12-8-1948

அன்புள்ள மகன் பிலிப்புக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதற்கும் நீதான் காரணம், ஒரு வாரமாக முழங்காலில் நின்று உனக்காக நன்றி செபம் சொல்கிறாள். அமெரிக்காவில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உங்கள் யூனிவர்சிடியில் சரித்திரம் எடுத்தவன் அதற்குள்ளேயே ஒரே பொருளைச் சுற்றிய நாலு பாடங்களை ஒரு தொகுதியாக எடுக்க வேண்டும், அறையில் கூட இருக்கிறவன் வியாபாரத் தொகுதி எடுத்தான், நான் சமயத் தொகுதி எடுத்தேன், மனசு அந்தப் பக்கம்தான் இழுக்கிறது என்று எழுதினாயே, அந்தக் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு அம்மா நேரே மர்சலின் சுவாமியாரிடம் போய், பிள்ளைக்குத் தேவ அழைப்பு வந்துவிட்டது, சுவாமியாராகப் போகிறான் என்று சொல்லிவிட்டாள். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் உன் பெயரைச் சொல்லி எல்லோரையும் வேண்டிக்கொள்ளச் சொன்னார். நான் பாடகர் குழுவில் இருந்தேன், நடுவில் எழுந்து மறுக்க முடியவில்லை, அடுத்த பாட்டைப் பாடினேன். வீட்டுக்கு வந்து, இண்டர்மீடியட்டில் கெமிஸ்ட்ரி குரூப் எடுத்தானே, மருந்துக்கடையா வைத்தான் என்று கேட்டேன். சோறு எல்லோருக்கும் ஒன்று, குழம்பு அவரவர் கேட்கிறது, தொகுதி என்பது அவ்வளவுதான் என்றேன். அவன் கேட்டது ஆண்டவரை, குழம்பை இல்லை என்றாள். மறுநாள் பாண்டி பஜாருக்குப் போய் உன் அங்கிக்கு வெள்ளைத் துணி எடுத்து வந்துவிட்டாள்.

இதெல்லாம் போகட்டும். சைதாப்பேட்டை லூயிஸ் வாத்தியார் வந்தார். தன் மகள் ஃப்ளோராவை உனக்குத் தருவதாகச் சொன்ன அதே வாயால், ஆண்டவர் கூப்ட்ட புள்ளைய நாம புடிச்சி இழுக்கலாமா, பொண்ணுக்கு பெங்களூர்ல வேற எடம் பாத்துக்கினு இருக்கோம் என்றார். காபி குடித்தார், என் தோளைத் தட்டிக்கொடுத்தார், போய்விட்டார். அந்தப் பெண்ணை மருமகள் என்றே நினைத்துப் பழகிவிட்டேன்.

நேற்று ஃப்ளோராவே வந்தாள். அழவில்லை. மாமா, அந்த நாலு பாடத்துக்கும் பரீட்சை உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். பரீட்சை இருந்தா அது படிப்புதான், முடியிற வரைக்கும் நான் இருக்கேன், பரீட்சை இல்லாத விஷயம்னா மட்டும் இப்பவே சொல்லிடச் சொல்லுங்க என்றாள்.

ஆகவே லூயிஸ் வாத்தியாருக்கு உன் கையாலேயே உடனே எழுது, என் பேச்சு இங்கே எடுபடவில்லை. எனக்கும் தனியாக ஒரு வரி போடு, எல்லோருக்கும் விளக்கி விளக்கி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அழைப்பு நிஜமென்றால் குறுக்கே நிற்க மாட்டேன், வருத்தப்படுவேன், அவ்வளவுதான்.

குளிர் தொடங்கியதும் காதை மூடிக்கொள். தேவமாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். தையற்காரர் கரீமுல்லா அளவு கேட்டு வந்து போகிறார். உன் அங்கியா, ஃப்ளோராவின் கல்யாணக் கவுனா என்று நீ எழுதும்வரை அந்தத் துணியில் கத்தரி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் நன்மையையே கோரும் அப்பா,
ஆம்ப்ரோஸ்