ஏழாம் பாகத்தில் நுழைந்தவள்

அத்தை, ஜாய்ஸ்டிக்கில் இன்னும் உங்கள் யூகலிப்டஸ் தைலம் மணக்கிறது. கட்டைவிரல் வலிக்குத் தடவிக்கொண்டு, கையைத் துடைக்காமலேயே விளையாட உட்காருவீர்களே, அதன் வேலை. நீங்கள் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த வீடியோ கேமின் ஏழாம் பாகம், நீங்கள் போன பிறகு கூரியரில் வந்தது. உங்கள் மகன் அதைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். கண்ணில் படக்கூடாதாம். நான்தான் எடுத்துப் பிரித்தேன்.

எனக்கும் உங்கள் விளையாட்டுக்கும் ஆகாது என்பது இந்த நிக்டி வீட்டுச் சுவருக்கே தெரியும். கும்பகோணத்திலிருந்து இந்த மராத்திக்கார ஊருக்கு மருமகளாய் வந்த புதிதில், மாமியார் என்றால் சீரியல் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். நீங்களோ பிம்ப்ரி ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு பெரிய டிவி வாங்கி, கையில் விளக்கோடு தீவு தீவாய்ப் புதையல் தேடும் ஒரு கப்பல்காரியோடு சுற்றிக்கொண்டிருந்தீர்கள். டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இவள் யார், ஏன் ஓடுகிறாள் என்று கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே பதில்தான்.

“அரே, உனக்குப் புரியாதும்மா. ஃபர்ஸ்ட் பார்ட்லேர்ந்து வரணும்.”

சுருக்கென்று இருக்கும். வீட்டிலும் அப்படித்தானே இருந்தது. நீங்களும் உங்கள் மகனும் பாதி மராத்தியில் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்து முடிக்கும்வரை நான் குக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த ரோஷத்தில்தான் ஆரம்பித்தேன். முந்தைய ஆறு பாகங்களைத் தொடக்கூடாது, யூடியூபில் விடை பார்க்கக்கூடாது, முடித்தே காட்டுவது என்று.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திரையில் விரிந்த விடியற்காலைக் கடலைப் பார்த்து வாயடைத்துப் போனேன். நீங்கள் ஏன் சோற்றை ஆறவிட்டீர்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஆனால் பேச்சு! ஆளுக்கு ஆள் நின்று பேசுகிறார்கள். கன்னத்தில் தழும்புள்ள ஒரு கிழவர் கப்பல்காரியைக் கட்டிக்கொண்டு அழுகிறார், அவளும் அழுகிறாள், எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. உங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒவ்வொருவராக வந்து, “என்னைத் தெரியுதா?” என்று கேட்கும்போது நான் இளித்துக்கொண்டு நிற்பேனே, அதே நிலைமை. எரிச்சலில் இரண்டு முறை அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மறுநாளே திரும்ப வந்தும் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசிக் குகையில் மாட்டிக்கொண்டேன். வழியை மறித்து ஒரு கல்கதவு. சாவி இல்லை, பிடி இல்லை. விளக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினாலும் வெறும் கல். பல நாள் அதன் முன்னாலேயே கிடந்தேன். “விட்டுடு, அது அம்மா சமாச்சாரம்” என்றார் உங்கள் மகன். அந்த வார்த்தை என்னை உசுப்பிவிட்டது.

விளக்கை அணைத்தால் ஆள் காலி என்பது ஆறு பாகங்களின் சட்டம். “விளக்கு, விளக்கு!” என்று நீங்கள் போட்ட கூச்சலைச் சமையலறையிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்கு அது காதால் கேட்டதுதான், பட்டுத் தெரிந்ததில்லை. செத்தால் சாகட்டும் என்று அணைத்தேன். ஆள் சாகவில்லை; இருட்டில் கதவெங்கும் பச்சைக் கோடுகள் மினுங்கின. தொட வேண்டிய இடமெல்லாம் தெரிந்தது. வரிசையாய்த் தொட்டேன், கதவு திறந்தது.

நான் போட்ட சத்தத்தில் உங்கள் மகன் ஓடிவந்தார். அணைத்த விளக்கைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார்.

“அம்மா இதத் தாண்டியிருப்பாங்களா?”

“சத்தியமா மாட்டாங்க” என்றேன். “உயிரே போனாலும் விளக்க அணைச்சிருக்க மாட்டாங்க.”

நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தழும்புக் கிழவர் யார், முதல் பாகத்தில் என்ன செய்தார் என்று நிதானமாக, முழுக்கத் தமிழில் எனக்குச் சொன்னார். கேட்டு முடித்தபோது கிழவருக்காக நானும் அழுதேன்.

உங்களை ஓர் இடத்தில் ஜெயித்துவிட்டேன், அத்தை. இதுவரை யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. கேட்டதும், “அதெப்படி, ஒத்துக்க மாட்டேன்” என்று சண்டைக்கு வரக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.