வால்வு கவரும் ஒரு மீசையும்

மீசைக்காரருக்கு,

நம் வண்டி பிழைத்துவிட்டது. எஞ்சின் தலையை மூடும் வால்வு கவரை, புது மாடலுடையதாக வாங்கி, நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போதே நானே மாட்டிவிட்டேன். எஞ்சின் இப்போது புகை தள்ளவில்லை, எண்ணெய் கக்கவில்லை. மாலை ஐந்துக்கு வரும் உங்கள் அம்மா, போன தடவை மாதிரி வண்டியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டாம்.

“நீ கை வெச்சா வண்டி பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். ஓடிடுச்சுன்னா என் மீசைய எடுத்துடறேன்” என்று நேற்று என் அண்ணன் முன்னால் சொன்னீர்களே! ரேசரைக் கண்ணாடி முன்னால் வைத்திருக்கிறேன்.

சாப்பாடு சின்னப் பாத்திரத்தில். பெரிய பாத்திரத்தைச் சூடு பண்ணிவிடாதீர்கள், அதில் சோப்புத் தண்ணீரில் பழைய கவர் ஊறுகிறது.

பி.கு: புது கவரில் எண்ணெய் ஊற்றும் வாய் கொஞ்சம் அகலம். பழைய மூடி நிற்கவில்லை. உங்கள் பிளாஸ்க் மூடி அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துவிட்டது. சரியான மூடி வாங்கத்தான் பஸ்ஸில் போகிறேன். நான் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று: மூடி விஷயம் தெரிந்ததும் பந்தயம் செல்லாது என்பீர்கள். சரி, போகட்டும். பாதி மீசையை எடுத்தால் போதும்.