சாவடிச் சுவருக்குப் பின்னால் நின்று ரேடியோ கேட்கும் பெண்களையும் எண்ணக் கோரும் மனு

அனுப்புநர்:
பி. மிக்கேலம்மாள், பி.ஏ., எல்.டி.,
தலைமையாசிரியை, பெண்கள் பாடசாலை,
ஏரியூர், தருமபுரி தாலுகா, சேலம் ஜில்லா.

பெறுநர்:
கிராம ஒலிபரப்பு அதிகாரி அவர்கள்,
சென்னை.

பொருள்: செவ்வாய்க்கிழமை மாதர் நிகழ்ச்சியை நிறுத்தும் உத்தரவு பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ச் சாவடி ரேடியோவில் செவ்வாய்தோறும் மாலை ஆறு மணிக்குப் பிரசவம், குழந்தை வளர்ப்பு பற்றிய பேச்சுகள் வருகின்றன. கேட்கும் பெண்கள் இல்லாததால் அவை வரும் முதல் தேதியோடு நின்று, அந்த நேரத்தில் இசைத்தட்டுகள் வைக்கப்படும் என்று தங்கள் கடிதம் தெரிவிக்கிறது.

2. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த குமாஸ்தா, ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினார். ஆண்கள் பதினொருவர், பெண்கள் எவருமில்லை. அவர் எழுதியது பொய்யல்ல. ஆண்கள் உட்காரும் சாவடியில் இவ்வூர்ப் பெண்கள் ஏறுவதில்லை. தெற்குச் சுவருக்குப் பின்னால், புல்லுக்கட்டை இறக்காமலே நின்று கேட்பார்கள். அன்று முப்பத்தேழு பேர் நின்றோம். படித்தவளாகிய நான் படியேறிப் போய் உட்கார்ந்திருக்கலாம், உட்காரவில்லை. பிழையில் எனக்கும் பங்குண்டு. மற்ற ஊர்களிலும் இப்படியே எண்ணியிருப்பார்கள் என்று ஐயப்படுகிறேன்.

3. பெட்டி பேசி ஊர் திருந்தும் என்று நான் நம்பியவள் அல்ல. ஆனால் இவ்வூர்ச் செல்லி, பிறந்த பத்து நாளுக்குள் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். தொப்புள்கொடி அறுக்கும் கத்தியைக் கொதிநீரில் போட வேண்டும் என்று அந்தச் சுவரோரம் கேட்டவள், மருத்துவச்சி கோவிந்தம்மாளிடம் போய், "தண்ணி கொதிக்காம என் வூட்டுப் படி ஏறாதீங்க ஆயா" என்று சொல்லிவிட்டாள். "நான் எத்தனை புள்ளைங்கள எடுத்தவன்னு அந்தப் பொட்டிக்குத் தெரியுமாடி?" என்று கோவிந்தம்மாள் ஏசினாள். அடுத்த செவ்வாய் அவளும் வந்து நின்றாள்.

4. வெளிநாடுகளில் சரக்கு விற்க வியாபாரிகள் நடத்தும் நிலையங்கள், கேட்பவர் தொகையைப் பார்த்தே நிகழ்ச்சி வைப்பதாகப் படித்திருக்கிறேன். அது அவர்கள் பிழைப்பு. பொதுப் பணத்தில் நடக்கும் நிலையமும் அப்படிச் செய்வதானால், எண்ணிக்கையாவது சரியாக இருக்க வேண்டும். சரியாகவே இருந்தாலும், கர்ப்பிணிகளுக்கான பேச்சையும் பாட்டையும் ஒரே தராசில் வைப்பது முறையா என்று தாங்கள் யோசிக்க வேண்டும்.

5. பிறந்த குழந்தையைப் பற்றிய நான்கு பேச்சுகள் இனிமேல்தான் வரவிருக்கின்றன. செல்லிக்கு இது எட்டாம் மாதம். உத்தரவை நிறுத்திவைத்து, மீண்டும் எண்ண ஒருவரை அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு எப்படி வந்தாலும், அந்த நான்கு பேச்சுகளின் எழுத்துப் பிரதியை மட்டுமாவது உடனே தபாலில் அனுப்பிவையுங்கள். அவளுக்கு நானே படித்துச் சொல்கிறேன்.

இடம்: ஏரியூர்
தேதி: 14-11-1946

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பி. மிக்கேலம்மாள்