மரவள்ளிக் கிழங்கில் ஒரு வீடு

மச்சான்,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இன்று காலை, குழம்புக்கென்று வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கைத் திருடிக்கொண்டு போய், கொல்லையில் உட்கார்ந்து வீடு செதுக்கினேன். உன் தங்கச்சி பார்த்துவிட்டாள். "பேரன் எடுக்கற வயசுல சொப்பு வெச்சி ஆடிக்கினு கீறத பாரு" என்றாள். தோல் சீவிய கிழங்கின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. செத்தும் என்னை விடுகிறாயா நீ?

ஐந்தாவதோடு நான் ஏர் பிடிக்கப் போனேன். நீ படித்து, கள்ளக்குறிச்சியில் ஓர் இன்ஜினியரிடம் பிளான் வரைகிறவன் ஆனாய். தியாகதுருகத்தில் எங்களுக்கு வீடு கட்ட அளவு போட வந்தாய். மறுநாளே, இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. ஊருக்கெல்லாம் ஒரு கஷ்டம் என்றால் எனக்கு இரண்டு. சந்தைக்கு நான் போக முடியவில்லை, வீட்டை விட்டு நீயும் போகவில்லை.

காகிதத்தில் வரைந்தது எனக்குப் புரியாததால் கிழங்கை நறுக்கிக் காட்டினாய். பெரிய முன்கட்டு, சமையலுக்குச் சின்னப் பின்கட்டு, நடுவே வானம் பார்த்த காலி இடம்.

"ரெண்டையும் ஒரே அளவுல கட்டுய்யா" என்றேன்.

"சரிசமமா நின்னா எத பாக்கறதுன்னு கண்ணு அல்லாடும். ஒண்ணு பெருசா நிக்கணும், இன்னொண்ணு அடங்கி நிக்கணும்."

"எங்க வூட்லயும் அப்படித்தான். நான்தான் பின்கட்டு."

நீ சிரிக்கவில்லை. கட்டடப் பேச்சில் நீ சிரித்து நான் பார்த்ததே இல்லை.

முகப்பில் உயரமாக ஒரு கோபுரம் கேட்டேன். துடைப்பக்குச்சியில் ஒரு துண்டைக் குத்தி நிறுத்தியும் காட்டினேன். நீ ஊருக்கு மேலே நிற்கும் கோட்டை மலைப் பக்கம் கையை நீட்டினாய். "அது எதிர்ல எவ்ளோ ஒசத்தினாலும் கம்மியாத்தான் தெரியும். அகலமா, தாழ்வா உக்கார வையி." அது மலை, மரமா என்ன, வெட்டிச் சாய்க்க? விட்டுக்கொடுத்தேன். ஆனால் அந்தக் காலி இடம்! "நல்ல எடத்த சும்மா போட்டு வெக்க நான் இன்னா ஜமீனா?" என்று கத்தினேன். "அது இல்லாம போனா ரெண்டு கட்டும் ஒரே மூட்டையா கெடக்கும்" என்றாய், நூறாவது தடவையாக.

அன்று சாயங்காலம் அரிசிப் பானை காலியாகிவிட்டது. நீ நடுவில் குடைந்து தள்ளிய துண்டுகளை உன் தங்கச்சி அள்ளிப்போய் உப்புப் போட்டு அவித்துக் கொண்டுவந்தாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாய்: "பாத்தியா, காலியா வுட்ட எடம் சோறு போடுது."

நானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

நீ சொன்னபடியே கட்டினோம். சித்திரை வெயிலிலும் அந்த இடத்தில் நிழல் விழுகிறது, காற்று வருகிறது. நீ நோயோடு வந்து தங்கியபோது கட்டிலை அங்கேதான் இழுத்துப் போடச் சொன்னாய்.

இப்போது என் மகன் அதற்குக் கூரை போட்டு ரூமாக்கப் போகிறானாம். இன்று கொத்தனாரையும் வரச் சொல்லிவிட்டான். "எடம் வேஸ்ட்டுப்பா" என்கிறான். நான் அன்று கத்தியதை அவன் கத்துகிறான். நீ சொன்னதையெல்லாம் நான் சொல்லித் தொலைக்கிறேன். பாதி மறந்துவிட்டது. அதனால்தான் கிழங்கு.

செதுக்கிய வீட்டைத் தாம்பாளத்தில் வைத்து அந்த இடத்தின் நடுவே வைத்தேன். மகனையும் கொத்தனாரையும் கூட்டிவரப் போனேன். திரும்பி வந்தபோது, கயிற்றை அவிழ்த்துக்கொண்ட ஆடு தாம்பாளத்தின் முன்னால் நின்றது. முன்கட்டைத் தின்றிருந்தது. பின்கட்டையும் தின்றிருந்தது. நடுவில் விட்ட இடம் மட்டும் அப்படியே இருந்தது.

"இதுல எங்கங்க கூர போடறது?" என்றார் கொத்தனார்.

மகன் தாம்பாளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

"மாமா கட்டிலு இங்கதானப்பா கெடந்துச்சு?" என்றான். பிறகு கொத்தனாரிடம், "கூர வாணாம்ணா" என்றான்.

வீட்டை ஆடு தின்றுவிட்டதால் இன்று மதியம் வெறும் ரசம்.