பேருக்குப் பின்னால் ஒரு ‘பி’

சாளை மீன் குழம்புச் சட்டியை மூடிவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அற்புதமணி எழுத உட்கார்ந்தாள். சாத்தான்குளத்து அக்கா வீட்டிலிருந்து நேற்று வந்திறங்கி, தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் கூட்டிப்போக ஆள் வராமல் வெயிலில் காய்ந்த கோபம் இன்னும் ஆறவில்லை. போனில் சார்ஜ் தீருமுன்னே அவள் அனுப்பிய மெசேஜைப் புருஷன் பொன்னுதுரை படிக்கவே இல்லை.

விளம்பர மெசேஜ் அனுப்பும் கம்பெனி பேருக்குப் பின்னால் ‘பி’ இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து, ‘பி’ கண்டதையெல்லாம் திறக்காமலே அழிப்பது அவர் வழக்கம். பெண்டாட்டி பேரை அவர் போனில் பதிந்திருந்ததோ ‘அற்புதமணி பி’ என்று. அந்த ‘பி’ அவருடைய இனிஷியல்தான்.

“சாளைக் குழம்பு இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. நான் ஜெபக்கூட்டத்துக்குப் போறேன். வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு ஈவாஞ்சலின்ட்ட குடுங்க. சாயங்காலம் எங்க தம்பி வாரான். பெண்டாட்டிய விளம்பரம்னு அழிச்ச கதைய அவன்ட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சிரிப்பு வராது.”

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து, அடியில் ‘பி.கு.’ என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்ததும் அடித்தாள். இந்த மனுஷன் அதையும் படிக்காமல் விட்டுவிடுவார். அரசாங்க மெசேஜ் என்றால் மட்டும் கண்ணாடி போட்டுப் படிக்கிறவர்.

இருந்த இடுக்கில் நுணுக்கி எழுதினாள்:

“அரசு அறிவிப்பு. பிரஷர் மாத்திரை தண்ணிச் செம்பு பக்கத்துல இருக்கு. சாப்பிட்டதும் போட்டுக்கிடுங்க. கோவத்துலயும் அதைத்தான் முதல்ல எடுத்து வச்சேன்.”