மாமியாருக்குப் பயந்து மேலேறின மாப்பிள்ளை

என் செல்லக் கழுதை லொரிண்டாவுக்கு அப்பா எழுதறது. இங்க நானு, உங்கம்மா, ஆடுங்க, என் முட்டிவலி எல்லாரும் சௌக்கியம். சியாட்டில்ல நீயும் உன் குடையும் சௌக்கியமான்னு எழுது. ஊர் பாக்க வந்த உன் புருஷனும் உசுரோட சௌக்கியமா இருக்கான், இத மொதல்லயே எழுதிட்டேன், மிச்சத்தப் படிக்கறப்ப நெஞ்சப் புடிச்சுக்காத. இப்ப என் கால்சட்டைய மாட்டிக்கிட்டு எதிர்ல உக்காந்து ஆட்டுக்கறி சூப்பு குடிக்கறான், அந்தக் கால்சட்டை அவனுக்கு முழங்காலோட நின்னுபோச்சு.

போட்டோ புடிக்கறேன்னு நம்ம பட்டிக்குப் பின்னால இருக்கற பாறை இடுக்குக்குள்ள இரும்பு ஏணி வழியா எறங்கினான் உன் கிரகாம். ரெண்டு தோளும் பாறையில உரசற எடம்னு உனக்கே தெரியும். வேணாம் மாப்ள, மழைக்காலம்னேன். வானத்தக் காட்டினான், பொட்டு மேகம் இல்ல. போனக் காட்டினான், அதுலயும் மழை இல்ல. நேத்தும் இதத்தான் சொன்னீங்க மாமான்னு சிரிச்சான். நெசந்தான், நேத்து அவன் உள்ள நின்னப்ப தண்ணி வருது ஓடுன்னு மேலேர்ந்து கத்தினேன், கேமராவக் கட்டிக்கிட்டு ஓடி வந்தான், நான் சிரிச்ச சிரிப்புல பல்லுசெட்டு கழண்டு விழுந்துது. சாயங்காலம் மறுபடி கத்தினேன், மறுபடி ஓடி வந்தான். தங்கமான புள்ள. இன்னிக்கு அவன் எறங்கின கொஞ்ச நேரத்துல ஓடைக்கு மேல் பக்கத்து ஊரு கைபெட்டோலேர்ந்து எல்வீரா சித்தி போன் பண்ணினா, அங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்துதாம், ஓடை அவ ஆட்டுப்பட்டிய அடிச்சுக்கிட்டு உங்க பக்கந்தான் வருதுன்னா. இங்க வெயில் மண்டையப் பொளக்குது. முட்டிய மறந்து ஓடி, விளிம்புல குப்புறப் படுத்து, தண்ணி வருது மாப்ள ஏறுன்னு கத்தினேன். இன்னிக்கு ஏமாற மாட்டேன் மாமான்னு கீழேர்ந்து சிரிக்கறான். என் ஆடுங்க மேல சத்தியம்னேன், இன்னும் பலமா சிரிச்சான். தூரத்துல லாரி வர்ற மாதிரி பாறை உறுமுது.

மாமியாரும் மருமகனும் மூஞ்சியப் பாத்துக்கிட்டா கண்ணு அவிஞ்சுபோகும்ங்கற நம்ம நவஹோ ஜனங்க வழக்கத்த நீதான அவனுக்குச் சொல்லிக்குடுத்த? வந்த நாள்லேர்ந்து கதவு கிறீச்சுன்னா தொப்பியால மூஞ்சிய மூடிக்கறான், நம்ம பயலுக எவன் இந்த மரியாத குடுக்கறான்? அது ஞாபகம் வந்துது. ஐயோ மாப்ள, உன் மாமியா ஆட்ட ஓட்டிக்கிட்டு இடுக்கோட கீழ் வாசல்ல நுழைஞ்சுட்டா, வளைவுல திரும்பறான்னேன். ஒதுங்க ஏது எடம்? கண்ண இறுக்கி மூடிக்கிட்டு இரும்பு ஏணியில பாஞ்சு ஏறினான் பாரு, கால்சட்டை கிழிஞ்சது அங்கதான். நான் காலரப் புடிச்சு இழுக்கவும், சேறும் மரக்கட்டையுமா வந்த வெள்ளம் ஏணியப் புடுங்கிக்கிட்டுப் போகவும் சரியா இருந்துது. அவன் இன்னும் கண்ணத் தொறக்கல, அத்தை போயிட்டாங்களா மாமாங்கறான். தொறந்து பாத்தவன் அத்தை உள்ள இருக்காங்கன்னு அலறிக்கிட்டு குதிக்கப் போனான். அவன் மேல ஏறி உக்காந்துதான் அமுக்கினேன். அத்தை அந்தப் பக்கமா ஏறிட்டான்னு சொன்னதும் கொழந்த மாதிரி அழுதான். இத உங்கம்மாகிட்ட சொன்னேன், இருக்கறதுலயே நல்ல கறித்துண்டா எடுத்து அவன் கிண்ணத்துல போட்டு என்கிட்ட குடுத்தனுப்பினா. எனக்கு எலும்பு.

நல்லா இரு, வேளைக்குச் சாப்புடு, இவன நல்லா வெச்சுக்க. முக்கியமா ஒண்ணு, உங்கம்மா இன்னிக்குப் பூரா அடுப்படியில ரொட்டி பொரிச்சுக்கிட்டு இருந்தத அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத. மழைக்காலம் இன்னும் முடியல, அவன் நம்பற மாதிரி என்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தப் பொய் ஒண்ணுதான்.

பல்லுசெட்டோட முத்தங்கள்,
உன் அப்பன் வில்ஃபர்ட் பிலகோடி