கற்பூரம் கண்ட பீரங்கி

அண்ணாச்சி,

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டில் கற்பூரம் ஏற்றுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றக்கூடிய இந்த முடிவைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் எடுக்க நேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஜன்னல் வழியாக வாசம் வந்துவிட்டது. வாசத்தோடு நீங்களும்.

எழுபத்தொன்றாம் வருடத்துச் சண்டையில் விமான எதிர்ப்புப் பீரங்கியில் இருந்துவிட்டு, மூணாறில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஃபிட்டராக வந்தீர்கள். நான் அங்கே கிளார்க். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் பங்களாவில் கழித்துப் போட்ட சாமான்களுக்குள் அந்த அட்டைப்பெட்டி கிடந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பீரங்கியின் சிறு மாதிரி. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்க்க வேண்டும். "இதேதான் வே எங்ககிட்டயும் இருந்தது," என்றீர்கள். உலகம் கைவிட்ட பின்னும் நம் ராணுவம் அதனிடம் விசுவாசமாக இருந்திருக்கிறது.

மழைக்காலம் முழுக்க ஒட்டினீர்கள். உளுந்தம்பருப்பு அளவு இருக்கை ஒன்றைக் குறட்டால் பிடித்து வைத்துவிட்டு, "இதுதான் அவன் இடம்," என்றீர்கள். அவன், உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து செத்துப்போனவன். போடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த அவன் அம்மா உங்களிடம் கேட்டிருந்தது ஒன்றுதான்: "எம்புள்ள எதுல உக்காந்திருந்தான்னு கண்ணால பாத்துட்டாப் போதும்ய்யா."

ஒட்டி முடித்ததும் போடிக்குப் புறப்பட இருந்தீர்கள். நான்தான் தடுத்தேன். "ஆயுதத்துக்குப் பூஜை போடாம ஊரைத் தாண்டலாமா அண்ணாச்சி? நாளைக்கு ஒருநாள் இருந்துட்டுப் போங்க."

பூஜையில் தேயிலை உருட்டும் ரோலர், ஸ்பானர், டைப்ரைட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். உண்மையான ஆயுத வம்சத்தில் வந்தது உங்களுடையது ஒன்றுதான். ஆகவே மற்றவற்றுக்கு ஒரு சுற்று காட்டிய கற்பூரத் தட்டை, அதற்கு மட்டும் நெருக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குழாய் வளைந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏ அண்ணாச்சி, உம்ம பீரங்கி கும்பிடு போடுதுல்லா!" என்றான் ரோலர் ஓட்டுகிறவன். தொழிற்சாலையே சிரித்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

பிறகு நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "விடும் வே. சண்டை முடிஞ்சா நாங்களும் குழாயை இறக்கித்தான் வைப்போம்."

அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் காலமான பிறகும் பல வருடம் நம்பினேன். இப்போது முடியவில்லை. கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போது தேவைக்கு மேல் பின்வாங்கி நிற்கிறேன். எனக்குப் பக்தி குறைந்துவிட்டதாக வீட்டில் பேச்சு.

"அப்போ இப்படியே கொண்டுபோய்க் காட்டலாம்லா?" என்று அன்று கேட்டேன்.

"நிமித்திட்டுக் கொண்டுபோறேன். அவன் சுட்டுக்கிட்டுல்லா இருந்தான்."

மறுநாள் காலை போடி பஸ் போனபோது நீங்கள் பட்டறையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்த்தும்போது குழாய் ஒடிந்தது. தீபாவளிக்கு முன் அந்த அம்மா இறந்துபோனார்.